உறவுமுறை: தம்பி

அன்புள்ள கொழுந்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

அன்று ஆஸ்பத்திரியில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் நோட்டில் குறித்ததை அப்படியே தருகிறேன். நான். தொடை எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் உங்கள் அண்ணன். பேருந்து நடத்துநர், பத்து நிமிடம். பச்சைக் குடை வைத்திருந்த ஒரு பெண்மணி, டாக்டர் வரும்வரை. போகும்போது குடையை எனக்காக விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே போனார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவர், காலை பதினொன்றரை முதல் மாலை ஆறே முக்கால் வரை. அவ்வளவுதான். வேறு யாரையாவது விட்டுவிட்டேனா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். வீட்டில் இருக்கிற ஒரே போன் உங்கள் அண்ணன் தலையணைக்கு அருகில் கிடக்கிறது. உங்கள் கடிதத்தையும் அவர் கண்ணில் படாமல் மாவு டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பேருந்து வழியில் நின்றபோது இறங்கப் போன உங்கள் அண்ணன் ஈரப் படியில் வழுக்கி விழுந்தார். பதினொன்று நாற்பதுக்கு உங்களைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி, அப்புறம் கூப்பிடறேன்" என்றீர்கள். அந்த அப்புறம் ஒன்பது நாள் கழித்துத் தபாலில் வந்து சேர்ந்தது. அதிலும், அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்பது கடைசி வரியில். முதல் பக்கம் முழுக்க, யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்களோ, யாரோ ஒருவன் உங்கள் இடத்தில் எப்படிக் கையெழுத்துப் போடலாம் என்ற கோபம். உங்கள் இடம் அன்று காலியாக இருந்தது. அதனால் போட்டார்.

எப்படி என்று கேட்டீர்கள், சொல்கிறேன். ஆபரேஷன் படிவத்தில் மனைவியோடு இன்னொரு சொந்தக்காரரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து, மயங்கிக் கிடந்த உங்கள் அண்ணனின் கண்ணாடி கீழே விழுந்தது. "தம்பி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் எடுங்க" என்று அந்த லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொன்னேன். நம்மைவிடச் சின்னவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நர்ஸ் அதைக் கேட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தில் தம்பி என்று எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். போட்டுவிட்டார். பிறகு மெதுவாக என்னிடம் வந்து, "அக்கா, நான் அவருக்குத் தம்பியா, உங்களுக்குத் தம்பியா? யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லணும்ல" என்றார். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

பேருந்தில் இதே மனிதர் எனக்குப் பக்கத்து வரிசையில் வேர்க்கடலை தின்று, தோலையெல்லாம் என் செருப்பின் மேல் ஊதிக்கொண்டு வந்தார். வளர்ப்பு சரியில்லாத ஜென்மம் என்று மனதுக்குள் திட்டினேன். நல்ல வளர்ப்பு எப்படி இருக்கும் என்பதைப் பதினொன்று நாற்பதுக்குத் தெரிந்துகொண்டேன்.

நாளைக்கு அவன் வந்து வீட்டில் பங்கு கேட்டு நின்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என்னிடம் கேட்டது குடிக்கத் தண்ணீர். அவர் போக வேண்டிய கட்டடம் ஒன்பது மாடி. அன்று அங்கே அத்தனை பேரும் படியேறினார்கள். போன் மேல் போன் வந்து திட்டு விழுந்தது. "வீட்ல ஒருத்தருக்கு முடியல சார்" என்று ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னார்.

இனி நான் சொல்ல வேண்டியது. மயக்கம் தெளிந்ததும் உங்கள் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி வந்தானா?" என்பதுதான். வந்தார், கையெழுத்துப் போட்டார், வேலை இருக்கிறதென்று சாயங்காலம் கிளம்பிவிட்டார் என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனாலும் தினமும் விளக்கின் முன்னால் அதற்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நாலு வருடமாக இந்த வீட்டு வாசலை நீங்கள் மிதிக்கவில்லை. இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கு ஒண்ணுன்னதும் எம் தம்பி வேலையப் போட்டுட்டு ஓடி வந்துட்டான்" என்கிறார். கசப்பு மருந்தைக்கூட முகம் சுளிக்காமல் விழுங்குகிறார். நீங்கள் சம்பாதிக்காத நல்ல பெயர் ஒன்று உங்களுக்கு இங்கே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற இருபத்துமூன்றாம் தேதி இரண்டாவது ஆபரேஷன். மறுபடியும் இரண்டு கையெழுத்து. மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். "தேதிய மட்டும் சொல்லுங்க அக்கா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் இந்த முறை உங்கள் அண்ணன் முழித்துக்கொண்டிருப்பார். பேனாவைப் பிடிக்கும் கை யாருடையது என்று பார்ப்பார். அந்த முகத்தை நான் பார்க்க முடியாது.

நீங்கள் வந்தால் எதுவும் சொல்ல வேண்டாம். அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன் அண்ணா என்ற பொய்கூட வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். நர்ஸ் கேட்டால், அவருக்கு இரண்டு தம்பிகள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கடவுள் நல்ல கூடப்பிறப்பைக் கொடுத்திருக்கிறார். அது அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் வருவதானால் அந்த மனிதரிடம், இன்னொரு நாள் வேலையை விட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா முகவரிக்கு எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், தம்பி.

இப்படிக்கு,
அண்ணி