கோப்பியின் வயிற்றுக்குள் போன கண்ணாடி

4 மார்ச் 2025, செவ்வாய்

கோப்பிக்கு இரண்டு விலாவிலும் முடி கொட்டிவிட்டது. எங்கள் குடியிருப்புத் தாமானில் திரியும் ஆண் நாய்கள் ஒரு வாரமாக இவன் பின்னாலேயே வருகின்றன. இவனும் ஆண் நாய்தான், ஒன்பது வயது. வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை லீவு. கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

7 மார்ச், வெள்ளி

பயந்தது சரிதான். டாக்டர் காஞ்சனா வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். சின்னப் பெண், என் மகள் வயதிருக்கும்.

"பொறந்ததுல இருந்தே ஒரு விதை கீழ இறங்கல ஆன்ட்டி. உள்ளயே தங்கி இப்போ கட்டியாயிருச்சு. அதுல பெண் ஹார்மோன் சுரக்குது, அதான் முடி கொட்டுது, ஆண் நாய்ங்க பின்னால வருது. எடுத்தே ஆகணும்."

வயிற்றை நீளமாக அறுத்து எடுக்கலாம். இல்லையென்றால் மூன்று சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராக் குழாயை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். இரண்டாவது வழியில் வலி குறைவு, காயமும் சீக்கிரம் ஆறுமாம். கருவியை எடுத்துக் காட்டினார். பேனாவை விட ஒல்லியான இரும்புக் குழாய்; கேமரா அதன் பின்முனையில், உடம்புக்கு வெளியே மாட்டியிருக்கும். கையில் வாங்கினேன். வாங்கியதும் விரல்கள் தானாகவே நுனிக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பின.

இருபத்திரண்டு வருடமாக இதுதானே என் வேலை. சுங்கைப் பட்டாணி கம்பெனியில், தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் இப்படிப்பட்ட குழாய்களின் கண்ணாடியைப் பார்ப்பேன். தூசி, கீறல், ஈரம் இருந்தால் ஒதுக்குவேன். ஒதுக்காதது பெட்டியில் போகும். அது எங்கே போகிறது, யார் வயிற்றைப் பார்க்கிறது — ஒருநாளும் பார்த்ததில்லை.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது.

8 மார்ச், சனி

வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை. மூன்று வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் மோதி, கோப்பிக்குத் தொடையில் தையல் போட்டோம். இரண்டு தடவை கடித்துப் பிய்த்தான், காயத்தில் புழு வைத்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்தது அவர்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"இன்னொரு வாட்டி அத அறுக்க விடமாட்டேன் பிரேமா. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்லா."

"அறுக்கப் போறதில்லன்னுதானே சொல்றேன். மூனு ஓட்டை."

"நாய்க்குப் போயி கேமரா ஆபரேசனா? அதெல்லாம் வேலைக்கி ஆவாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆவாதுன்னா நான் இருவத்திரண்டு வருசமா அங்க என்னத்த பாத்துக்கிட்டு இருக்கேன்? எதுக்கு என் கண்ண கெடுத்துக்கிட்டேன்?"

கோப்பி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டான்.

10 மார்ச், திங்கள்

ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை ஆபரேசன். வீட்டுக்காரரே கிளினிக்குக்குப் போன் பண்ணி நேரம் கேட்டார்.

15 மார்ச், சனி

படுக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார் டாக்டர். கேமராவில் சரியாகத் தெரியாவிட்டால் உடனே வயிற்றை அறுத்துவிடுவார். அதற்குச் சம்மதம் என்று தாளில் இருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் போட்டேன்.

ஆபரேசன் அறைக்கு ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. வெளியே நின்றால் உள்ளே இருக்கும் டிவி தெரியும். முதல் நிமிடம் படம் எவ்வளவு தெளிவு! ரோஸ் நிறத்தில் குடல், மெல்லிய ரத்த நாளங்கள். இதற்குத்தானா நான் தூசி பார்த்தேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் மங்கிவிட்டது. டாக்டர் குழாயை வெளியே எடுத்து நுனியை வெந்நீரில் வைத்துத் துடைத்தார். மறுபடி மங்கல். மூன்று தடவை துடைத்தார். திரையின் இடது பக்கம் வெள்ளையாக ஒரு படலம், நகரவே இல்லை.

டாக்டர் கத்தி இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார்.

நான் கண்ணாடிச் சுவரைத் தட்டினேன். என்ன தைரியமோ. நர்ஸ் ஷீலா கதவைக் கொஞ்சம் திறந்தாள்.

"டாக்டர், நுனிய துடைச்சுப் பிரயோஜனம் இல்ல. கேமராவ அசைக்காம குழாய மட்டும் சுத்துங்க. அந்த வெள்ளையும் கூட சுத்துதா?"

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். சுற்றினார்.

"இல்ல ஆன்ட்டி. அங்கயே நிக்குது."

"அப்போ குழாய்ல ஒன்னுமில்ல. கேமரா மொகத்துல இருக்கிற கண்ணாடிலதான் ஈரம். கழட்டி காஞ்ச துணியால தொடைங்க. மாட்டுற எடத்தையும் தொடைங்க. சொட்டு ஈரம் இருக்கக்கூடாது."

ஷீலா கழற்றித் துடைத்தாள். கேமராவுக்குக் கிருமியில்லாத புது உறை போட்டார்கள், மாட்டினார்கள். எனக்கு அந்த நிமிடங்கள் ஒரு ஷிப்ட் நீளம்.

குழாய் உள்ளே போனது. டிவி பளிச்சென்று ஆனது. அங்கே, மூத்திரப்பைக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழம் அளவில் உருண்டையாக அது இருந்தது.

"கெடச்சிருச்சு," என்றார் டாக்டர், தனக்குத்தானே.

ஒரு ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே எடுத்தார். கத்தித் தட்டில் மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஆன்ட்டி, நீங்க யாரு?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "இந்தக் கண்ணாடியெல்லாம் செக் பண்றவங்க டாக்டர். இருவத்திரண்டு வருசம் சர்வீஸ்." அந்த மனிதர் வாயிலிருந்து!

16 மார்ச், ஞாயிறு

கோப்பி பசியாறினான். நாற்காலியில் ஏறப் பார்த்தான். அதட்டி இறக்கினேன்.

25 மார்ச், செவ்வாய்

கட்டியின் ரிப்போர்ட் வந்தது. புற்றுக் கட்டிதான். ஆனால் அந்த உருண்டைக்குள்ளேயே அடங்கியிருந்ததாம், வெளியே பரவிய அடையாளம் இல்லை. டாக்டர் போனில் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். காயம் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோப்பி ஒரு தையலைக்கூடக் கடிக்கவில்லை.

வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடையில் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்கிறாராம். அவர் சொல்லும்போது டாக்டர் வெறும் உதவிக்கு நிற்கிறவராம், ஆபரேசன் நான் பண்ணியதாம்.

18 ஏப்ரல், வெள்ளி

காலையில் டாக்டர் காஞ்சனா கூப்பிட்டார். கோலா கெத்திலிலிருந்து ஒரு பெண் நாய் வந்திருக்கிறது, கேமரா வைத்துக் கருப்பை எடுக்க வேண்டும். "ஒன்னும் பிரச்சினை இல்ல ஆன்ட்டி. நீங்க வந்து ஒரு தடவை கருவியப் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

வீட்டுக்காரர் காடியை ஓட்டி என்னைக் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். குழாயை வெளிச்சத்தில் பார்த்தேன், கேமராவைப் பார்த்தேன், சரி என்றேன். இந்தத் தடவை உள்ளேயே நிற்கச் சொன்னார்கள். முகமூடி, தொப்பி எல்லாம் பழக்கமானதுதான்.

ஆபரேசன் முடியும் வரைக்கும் படம் சுத்தமாக இருந்தது. நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை.