எங்கிருந்தும் திறக்கும் மேசை

மார்ச் 3, திங்கள்

அலுவலகக் கணினியைப் போட்டுவிட்டு டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். இன்னும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டட வரைபடம் போடுகிற அலுவலகம். பத்துக் கணினியும் இப்படித்தான். எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கப் போகிறாராம் மேனேஜர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"பிரவுசர் மட்டும் ஓடுற இயங்குதளம் இருக்கு சார். பழசுலயே போட்டா பறக்கும். ஃபைல் எல்லாம் நெட்லயே இருக்கும்."

"அப்ப ரிப்போர்ட் குடும்மா. நாளைக்கு உலகமே இதுக்குத்தான் போகப்போகுதான்னு எழுது. வெள்ளிக்கிழமை பேசுவோம்."

வேணுமா எனக்கு?

மார்ச் 4

கல்லூரியில் வாங்கிய லேப்டாப்பில் நானே ஏற்றிப் பார்த்தேன். எட்டே நொடியில் திறந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, "செத்த பொணத்தையே எழுப்பிட்டியே!" என்றார்.

மார்ச் 5

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். இது வந்தால் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்கலாம். பாப்பாவுக்குப் பத்து மாதம். அவள் செய்வதையெல்லாம் மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். அப்படியென்றால் இந்த ரிப்போர்ட் அலுவலகத்துக்கா, எனக்கா?

படம் வரைகிறவரை ஸ்கேல் அண்ணன் என்போம். நேராகவே கேட்டார்: "தங்கச்சி, என் படம் இதுல திறக்குமா?" முயன்று பார்த்தோம். அவருடைய மென்பொருள் ஏறவே இல்லை.

"எனக்குச் சமாதி கட்டிட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மார்ச் 6

'எல்லா மேசையையும் இது பிடித்துவிடாது' என்று எழுதிவிட்டேன். கடிதம், எஸ்டிமேட் பார்க்கிற எட்டுப் பேருக்கு இது போதும். வரைகிற இரண்டு பேருக்குத் திறன் கூடிய கணினிதான் வேண்டும். நெட் போனால் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் — அதையும் மறைக்கவில்லை. மேனேஜருக்கு அரைகுறையே பிடிக்காது. போச்சு.

மார்ச் 7, வெள்ளி

ஐயோ ஐயோ ஐயோ.

சுவர்த் திரையில் என் ரிப்போர்ட். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று நடுவில் 'கககககக;;;பபப' என்று ஓடுகிறது. "வைரஸ்!" — மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அடுத்த நொடி ஒரு பத்தியே காணோம். 'பாதுகாப்பானது' என்று எழுதியிருந்த பத்தி!

அப்போதுதான் உறைத்தது. காலையில் அதே ரிப்போர்ட்டை வீட்டு லேப்டாப்பில் திறந்து வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன். போன் போட்டேன்.

"அத்தை, பாப்பா எங்க?"

"உன் லேப்டாப்ல மேளம் அடிக்கிறா. பிடுங்கினா அழறா, விட்டுட்டேன்."

மாமியார் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அறையே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"போன பத்தி?"

பழைய பதிப்பை இரண்டே சொடுக்கில் மீட்டேன். திரையையே பார்த்தார்.

"பத்து மாசக் குழந்தை அங்க தட்டினா இங்க வருது. நீ ஏம்மா தினமும் ரெண்டு பஸ் மாறி வர்ற?"

"இதச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்தான் சார்." உளறிவிட்டேன்.

ஸ்கேல் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "வரையுற எங்களுக்கு இது ஆகாது, பெரிய கணினிதான் வேணும்னும் எழுதியிருக்கு சார். தனக்காக மட்டும் எழுதல."

"யோசிக்கிறேன்."

மார்ச் 12

இன்னும் யோசிக்கிறார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று எனக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். அலுவலகத்தில் இருபது நிமிடம் நெட் போய்விட்டதாம். ஸ்கேல் அண்ணன் போன் போட்டு, "இங்க நாங்க ரெண்டு பேருதான் உழைக்கிறோம், மத்தவங்கல்லாம் கதை பேசுறாங்க" என்று ஒரே குஷி.

எஸ்டிமேட்டை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். பதினொன்றே கால். பாப்பா சோபாவை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தாள். தனியாக. மாமியார் சமையலறையில் இருந்தார். ஓடிப் போய்ச் சொன்னது நான்.