ஆமோனா என்ற பேர் வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பச்சைக் குழந்தையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போலத்தான், வாய்க்கு மட்டும் போன வாரம்வரை ஒரு வலியும் வந்ததில்லை. குழந்தையின் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார், மூக்கு அவருடைய மூக்காம், பாவம் அந்தப் பிள்ளை. ஆமோனா என்று பேர் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேதத்தில் இருக்கிற பேர், யாரும் வைக்காத பேர், கூப்பிட இனிமையாக இருக்கிறது என்று மருமகள் செல்போனில் தேடி எடுத்தாளாம். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார்.

அது பெண்பிள்ளையின் பேர் இல்லையப்பா, ஊரின் பேர். கொள்ளையடிக்கத் திரண்டு வந்த பெரிய கூட்டம் ஒன்று மொத்தமாக விழுந்து சாகுமாம், பறவையும் மிருகமும் தின்றது போக மிச்சத்தை ஜனங்கள் ஏழு மாதம் புதைப்பார்களாம். அங்கே இருக்கும் ஊருக்குத்தான் ஆமோனா என்று பேர். வேதம் எழுதின பாஷையில் அதற்குக் கும்பல் என்று அர்த்தம் என்றார் போதகர். அதோடு விடவில்லை. வழியில் போகிறவன் மனுஷ எலும்பைக் கண்டால் பக்கத்தில் ஒரு அடையாளம் நட வேண்டுமாம், புதைக்கிறவர்கள் வந்து எடுக்கும்வரை அது அங்கேயே நிற்குமாம். எங்கள் பைப் வேலையிலும் அதுதானே வழக்கம், திறந்த குழியை யார் முதலில் பார்த்தாலும் சிவப்புத் துணி கட்டின கம்பை நட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். அப்படி ஒரு கம்பை அதற்கு மூன்று நாள் முன்னால்தான் நான் நட்டிருந்தேன்.

பழைய ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் புது லைனுக்குத் தோண்டினோம். தோளளவு ஆழத்தில் என் ஆட்களில் ஒருத்தியின் மண்வெட்டி எதிலோ பட்டு நங்கென்றது. பழைய பைப் என்று நினைத்து நானே இறங்கிக் கையால் மண்ணை விலக்கினேன். மனுஷக் கால். முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஸ்டீல் தகடு, ஆறு திருகாணி. தலையின் பின்பக்கம் இல்லவே இல்லை, ஓடு ஓடாக நொறுங்கிக் கிடந்தது. இந்தத் தெருவில் காலில் தகடு வைத்திருந்தது ஒரே ஆள்தான். மேகம் கறுத்தால் போதும், பூட்டுக்காரர் அந்தக் காலைத் தட்டிக் காட்டி, துணியெல்லாம் எடுத்து வையுங்கக்கா, எனக்குத் தகவல் வந்திருச்சு என்பார். நானும் சிரித்துக்கொண்டே எடுப்பேன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. ரொட்டிக்கடைக்காரரின் குழந்தையைக் காணோம் என்று மத்தியானம் சத்தம் கேட்டது. எந்த வீட்டையும் திறக்கத் தெரிந்தவன் அவன்தானே என்று எவனோ ஒருவன் சொன்னான், அரை மணி நேரத்தில் நூறு பேர். கடையிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், படியில் வாய் இடித்துப் பல் தெறித்ததை நான் பார்த்தேன். கால்ல மட்டும் அடிக்காதீங்க என்று கும்பிட்டார். அதற்குப் பிறகு காலைத்தான் அடித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின ஜன்னல் வழியாகவும் சத்தம் வந்தது, முதலில் மனுஷச் சத்தம், பிறகு ஈர மூட்டையை அடிக்கிற சத்தம். சாயங்காலம் அந்தக் குழந்தை தன் வீட்டு மாவு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தது. உடம்பை ராத்திரி எங்கே தூக்கிப்போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை, பூட்டுக்காரர் அடிபட்டு ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். அவர் மனைவி இன்னும் ஜன்னலோரம் தையல் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கடைச்சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. என்னை ஏன் விட்டுட்டுப் போனார் என்று ஒரு தடவை என்னிடமே கேட்டாள். ஆண்களைப் பற்றி ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு நீ பின்னால் நின்று வேடிக்கை பார்த்ததாகச் சொன்னாய், கும்பல்தான் அடிச்சதும்மா என்றாய். வேடிக்கை பார்த்தவன் சட்டையில் முழங்கைவரை ரத்தம் ஏன் என்று நான் கேட்கவில்லை. பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு மூன்று முறை அலசினேன், மூன்றாவது தண்ணீரும் சிவப்பாகத்தான் போனது. என் பெரிய பைப் ஸ்பானரைக் கழுவித் துடைத்து நீயே பெட்டியில் வைத்திருந்தாய், அதற்குமுன் ஒருநாளாவது அதை நீ துடைத்தது உண்டா. அந்த ஸ்பானரால்தான் ஒன்பது வருஷமாக இந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன். பெற்ற வயிறு என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கும்பலுக்கு ஏதப்பா கை, கை உன்னுடையது, அதை மறைத்த கை என்னுடையது.

இன்ஜினியர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு லைனைப் போடச் சொன்னார். என்னையும் சேர்த்து மூடு என்று குழியில் உட்கார்ந்துவிட்டேன், போலீஸ் வந்த பிறகுதான் ஏறினேன். போதகரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே தையல்காரி வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்தினதிலிருந்து சட்டையை அலசினது வரை சொன்னேன். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள், குத்தட்டும் என்றுதான் நின்றேன். கழுத்துக் கயிற்றை வெட்டிச் சாவியை என் முகத்தில் எறிந்தாள். நெற்றியில் காயம் இருக்கிறது, நல்ல காயம், ஆறட்டும் மெதுவாக. அப்பாவிடமும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வாய்க்கும் வலி வந்துவிட்டது.

குழந்தைக்கு வேறு பேர் வை. அந்தப் பேரில் ஏற்கெனவே ஒரு ஊர் இருக்கிறது, நாம் அங்கேதான் குடியிருக்கிறோம், அவளாவது வெளியே பிறந்தவளாக இருக்கட்டும். தலை நிற்கும்வரை கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்கு. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இந்தக் கடிதத்தை அவளிடம் மறைக்காதே, மறைத்து வாழ்வது என்னவென்று எனக்குத் தெரியும். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக, உன்னை மட்டும் தூங்கவிடாமல் காப்பாராக.

இன்னொன்று, அந்த ஸ்பானரை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பயன்படுத்தியவர் என்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னேன், அடுத்த மாதம் முதல் தேதிவரை பொறுப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். அடையாளம் நடுவது என் வேலை, நட்டுவிட்டேன். நீ வந்து எழுது. வராவிட்டால் இரண்டாம் தேதி நான் போய் உன் பேரை எழுதுவேன்.

உன்னைப் பெற்ற,
அம்மா