பாட்டுக்காகப் போனவள்

1988 மார்ச் 7, திங்கள்

என் புருஷன் டாயில் இன்றும் பத்து மணிக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, கூட எழுதுகிற ஹாலிஸோடு பாட்டெழுதப் போனான். இந்த நாஷ்வில்லில் பாட்டெழுதுவது ஆபீஸ் போகிற மாதிரிதான். ரெண்டு பேர் ஓர் அறைக்குள் போனால் சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டோடு வெளியே வரவேண்டும். இவன் வெறுங்கையோடு வந்தான். போன வருஷம் முழுக்க இதே கதைதான். சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பீன்ஸ் நன்றாக இருக்கிறது என்றான். நான் உப்பே போடவில்லை.

மார்ச் 19

ஹாலிஸ் முடி வெட்டிக்கொள்ள வந்தான். நான் முடி வெட்டுகிற கடைக்கு வந்தால் காசு கொடுக்கவேண்டும் என்று எப்போதும் என் சமையலறைக்குத்தான் வருவான். டாயில் வெளியே போயிருந்தான். அவனுக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டேன்.

"நீ அவனை ரொம்ப நல்லா வச்சிருக்க, வெர்னா. அதான் வியாதி."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அவனோட நல்ல பாட்டையெல்லாம் நினைச்சுப் பாரு. எல்லாமே நீ கோவிச்சுக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போன சமயத்துல வந்தது."

அவன் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். விருந்துகளில் டாயில் என் தோளில் கைபோட்டு, "என் பாட்டெல்லாம் இவகிட்டேருந்து வந்ததுதான்"னு சொல்லும்போது எவ்வளவு பூரித்துப் போயிருக்கிறேன்! என்னிடமிருந்து இல்லை. நான் இல்லாததிலிருந்து.

ஏப்ரல் 2

சண்டை போட்டுப் பார்த்தேன். பாத்திரத் தொட்டி ஒழுகுகிறது, உனக்கு வீட்டைப் பற்றி அக்கறையே இல்லை என்று கத்தினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொட்டியைச் சரிபண்ணினான். பாவி.

ஏப்ரல் 11

போய்விட்டேன். அக்கா நடீனுடைய வீட்டில், நாக்ஸ்வில்லில், தையல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னச் சண்டை போதாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்று காலை காபி குடித்துக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன்: "உன்கூட இருக்கிறதுக்குக் காலி வீட்டுல இருக்கலாம், டாயில்." எப்படி என் வாயில் அது வந்தது? பொய்தானே? அவன் கோப்பையைக் கழுவி வைத்தான். பெட்டியைக் காரில் ஏற்றிக்கூடக் கொடுத்தான். நல்ல வெயில், ஒரு மேகம் கிடையாது.

குளிர்கால கோட்டை எடுக்கவில்லை. குளிருக்கு முன்னால் திரும்பிவிடுவேனே. நடீனிடம் விஷயத்தைச் சொன்னேன். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டாள். அவளுக்கென்ன தெரியும்? அவள் கட்டிக்கொண்டது டயர் கடைக்காரரை.

ஏப்ரல் 30

போன் வரவில்லை. நல்ல அறிகுறி என்று சொல்லிக்கொள்கிறேன்.

மே 22, ஞாயிறு

ஹாலிஸ் கூப்பிட்டான்! பாட்டு வந்துவிட்டது. கூட யாரும் இல்லாமல், எங்கள் சமையலறை மேசையிலேயே ஒரே மூச்சில் எழுதியிருக்கிறான். நேற்று இரவு பாட்டெழுதுகிறவர்கள் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பாடுகிற அந்த பாரில் பாடினானாம். பரிமாறுகிற பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்களாம். பெரிய பாடகர் ஒருவர் தான் ரெக்கார்டில் பாட அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

போனில் பாடிக் காட்டச் சொன்னேன். மழையில் ஒருத்தி கார் ஏறிப் போகிறாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. காலி வீடு என்று நான் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் வைத்திருக்கிறான். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மே 23

காலையில் டாயிலைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அது பொய், உனக்காகத்தான் போனேன், பாட்டு வரணும்னுதான் போனேன், இப்ப வந்துடறேன்.

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாத, வெர்னா" என்றான். "பாட்டு கெட்டுப்போயிடும்."

சரி என்றேன். என்றைக்கு வரட்டும் என்று கேட்டேன்.

"இப்ப வர வேண்டாமே. இன்னும் ரெண்டு பாட்டு வந்துக்கிட்டிருக்கு." குரலில் அப்படியொரு கனிவு. எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

என்ன எழுதுவது? நான் செய்த வேலைதானே. பலித்துவிட்டது.

ஜூன் 9

நடீன் பெட்டியிலிருந்த துணிகளை அலமாரியில் எடுத்து வைத்தாள். நான் தடுக்கவில்லை.

அக்டோபர் 14

தபாலில் ஒரு பார்சல். என் குளிர்கால கோட். நான் கேட்கவில்லை. கழன்றிருந்த பொத்தானைத் தைத்து, நன்றாக மடித்து அனுப்பியிருக்கிறான். பைகள் எல்லாவற்றிலும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நவம்பர் 18

இங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சாயங்காலம் திருமதி ப்ரூயிட்டுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. இந்த மாதம் பூராவும் அதுதான். சத்தம் கூட்டச் சொன்னார். மழை வந்தது, கார் வந்தது, காலி வீடு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்பேர்ப்பட்ட மனுஷன். அவனை விட்டுட்டுப் போக அவளுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

தலையைக் கொஞ்சம் குனியுங்கள் என்றேன். பின்கழுத்தில் இன்னும் வெட்டவேண்டியிருந்தது.