அருளுக்குச் சொல்லாதது

மே 12, திங்கள்

ஆறு மணிக்கே அனல். பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளைக் கிளேஸ் பூச்சுக் கலவையில் முக்கும் வேலை. முழங்கை வரை வெள்ளை.

மதியம் போனில் அருளின் குரல். நாலு மாதத்துக்கு முன் பேசியது. அவர் விண்கலம் இருக்கும் தூரத்திலிருந்து வந்து சேர அவ்வளவு நாள். என் வீட்டுக்காரர் கிளம்பி ஆறு வருஷம். இங்கே சூளை பார்த்தவர். கலத்தின் சூட்டுத் தடுப்பு ஓடுகளைக் கவனிக்கக் கூட்டிப்போனார்கள்.

"ஸ்டெல்லா, சின்ன கலம் ஒண்ணு ஊருக்குத் திரும்புது. நாலு பேருக்குத்தான் எடம். எம்பேரக் குடுத்துட்டேன். வந்து சேர ஒம்பது வருஷம் ஆவும். நடுவுல என்ன வேணா ஆவலாங்கிறாங்க. பரவால்ல. பாப்பா மொகத்தப் பாக்கணும்."

பாப்பா இறந்து பதினான்கு மாதம். காய்ச்சல். மூன்றே நாள். அவருக்கு இன்னும் தெரியாது.

மே 13

லீவு. சாப்பிடவில்லை.

பாப்பா போன பிறகும் நான் அவருக்குப் பேசி அனுப்பியவை: பாப்பா நாலாவது போகிறாள். முன்பல் முளைத்துவிட்டது. முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஜெபம் படிக்கிறாள்.

அங்கே தனியாக உடைந்துபோவாரே என்றுதான் மறைத்தேன். முதலில். பிறகு நிறுத்த முடியவில்லை. பேசுகிற அந்த இரண்டு நிமிஷம் பாப்பா உயிரோடு இருந்தாள்.

மே 14

கோயில். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம்.

"உண்மையச் சொன்னா அவரு வராமயே இருந்துடுவாரு ஃபாதர். சொல்லலன்னா வந்துடுவாரு."

சாமியார் சொன்னார்: "எதுக்கு வரோம்னு தெரிஞ்சு வரட்டும்மா."

கோபம். சாமியாருக்கென்ன, சொல்லிவிட்டார். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப ஜெபம் பாதியில் மறந்துபோனது.

மே 16, வெள்ளி

பஸ்ஸில் வேப்பூர். கலத்துக்குப் பேசி அனுப்பும் செய்தி நிலையம். சின்ன கலம் கிளம்புமுன் என் பதில் அவரிடம் போய்ச்சேர வேண்டுமானால் இன்றே கடைசி.

மைக். வழக்கம்போல் இரண்டு நிமிஷம். வரும் வழியெல்லாம் பொய்தான் தயாராக இருந்தது. பாப்பா அப்பாவைத் தேடுகிறாள் என்று.

வாயைத் திறந்ததும் காய்ச்சல் என்றேன். ஆஸ்பத்திரி. எந்த நாள். கல்லறையில் எந்த வரிசை. எல்லாம் சொன்னேன்.

"எம்மேல கோவப்படுங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. பாப்பா இல்லீங்க. நான் இருக்கேன்."

இருபது விநாடி மீதி இருக்கும்போதே மைக்கைத் தள்ளி வைத்தேன்.

மிஷின் பார்க்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அனுப்பிடட்டுமாக்கா?"

"அனுப்பும்மா."