கடலைக் கண்காணிக்கவும்

மார்ச் 4

நகராட்சியின் அபாய அறிவிப்பு அறையில் எனக்குள்ள ஒரே ஆயுதம் மைக். இன்று அதற்கும் தொண்டை கட்டிக்கொண்டது. கரகரப்போடே சோதனை அறிவிப்பை வாசித்து முடித்தேன். கடற்கரைத் தெருவின் ஒலிபெருக்கிக் கம்பங்களில் அது கேட்டதும் அப்பா போன் செய்தார். வீட்டில் கத்துவதைவிடக் கம்பத்தில் மரியாதையாகப் பேசுகிறேனாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கரையை விட்டு என்னோடு வந்து இரு என்றால் மட்டும் காது கேட்காது.

மார்ச் 9



காலையில் நடுக்கடலில் நிலநடுக்கம். தேசிய மையத்திலிருந்து ‘சுனாமி கண்காணிப்பு நிலை’ என்று செய்தி வந்தது. அதற்கென்று எங்களிடம் இருக்கும் வாசகத்தை ஓர் எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தேன்: ‘பொதுமக்கள் கடலைக் கண்காணிக்கவும்.’

கண்காணித்தார்கள். தெருவே போய்க் கரையில் நின்றது. அப்பா நாற்காலியை வேறு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வந்தது முழங்காலளவு தண்ணீர்தான். அது திரும்பி இழுத்ததில் அப்பா விழுந்து, இடுப்பெலும்பில் விரிசல். ஏம்ப்பா போனீங்க என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

“நீதானம்மா பாக்கச் சொன்ன.”

சொன்னேனா? சொன்னேன்தான். ஆனால் அதையா சொன்னேன்?

மார்ச் 12

விசாரணைக் கூட்டம். ‘கண்காணிப்பு’ என்றால் அலுவலகங்கள் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் பொருள், மக்களுக்குச் சொல்லவே தேவையில்லை என்றார் மையத்து அதிகாரி. வருகிற எல்லாச் செய்தியையும் அறிவிக்க வேண்டும் என்ற எங்கள் விதியை மேலாளர் எடுத்துக் காட்டினார். இருவர் சொன்னதும் சரி. எல்லோரும் சரியாகவே செய்து ஒரு மனுஷனின் எலும்பு உடையுமா? தலை சுற்றுகிறது. வாசகத்தை மாற்றக் குழு போடுவார்களாம்.

ஏப்ரல் 26

ஒவ்வொரு தடவையும் மேட்டுக்கு ஏறச் சொன்னால்? நாலு முறை கடல் வராமல் போனால் அப்புறம் எவன் எழுந்திருப்பான்? சொல்லாமல் விட்டால்? இப்படிப் போனாலும் இடிக்கிறது, அப்படிப் போனாலும் இடிக்கிறது.

அப்பா கைத்தடியோடு கடற்கரை வீட்டுக்கே திரும்பிவிட்டார். பயமாயிருக்கு. அவரை விட்டா எனக்கு யாரு இருக்கா?

மே 21

குழு இன்னும் கூடவில்லை.

ஜூன் 2

மறுபடியும் கண்காணிப்பு நிலை. அதே வாசகம் மேசைமேல் இருந்தது. மைக்கை அழுத்தினேன், வாய் வேறு சொன்னது: “கடலைப் பாக்க யாரும் போகாதீங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க. நான் சொல்ற வரைக்கும் எறங்காதீங்க.”

மேலாளர் என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். கடல் வரவில்லை. ரத்து அறிவிப்பையும் அவர்தான் வாசித்தார். வேலையைப் போட்டது போட்டபடி ஓடியவர்கள் போன் செய்து திட்டினார்கள். என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், இனி மைக் பக்கம் போகக் கூடாதாம். நான் செய்தது சரியா, தப்பா? யாரைக் கேட்பது?

சாயங்காலம் போனால் அப்பா வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் அப்போதே இறங்கிவிட்டார்களே என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மேட்டுக்கு ஓடினேன். பள்ளிக்கூட வராந்தாவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். ரத்து என்று அறிவித்தது கேட்கவில்லையா என்றேன்.

“கேட்டுச்சு. யாரோ ஆம்பளைக் குரல். நீ சொல்லலையே?”

எறங்கலாம்ப்பா என்றேன். எழுந்தார்.