சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஷூ இன்னும் ஈரம்.

கம்பெனியில் எங்கள் லைன் பிரியாவுக்குப் பிறந்தநாள். கேன்டீனில் பீட்சா, ஆளுக்கொரு துண்டு. பத்மா அக்கா மட்டும் கை நீட்டவில்லை. என்னோடு சர்க்யூட் போர்டு செக்கிங்கில் இருப்பவர். வந்தவாசிப் பக்கம், சமணக் குடும்பம்.

“வெஜ்தான்க்கா, வெறும் பாலு. ரொம்ப சீன் போடாதீங்க” என்றாள் பிரியா.

“சீஸ் திரியறதுக்கு கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து ஒண்ணு எடுத்துப் போடுவாங்களாம். எல்லாத்துலயும் இல்ல. இதுல அது கீதா இல்லியான்னு உனுக்குத் தெரியுமா?”

“துன்ற நேரத்துல இன்னாக்கா இது!” ஒரே சிரிப்பு.

அக்கா டப்பாவோடு ஓரத்து மேசைக்குப் போய்விட்டார். தினமும் அங்கேதான், தனியாக. நானும் தனியாகத்தான், தூண் பக்கம். சேர்ந்த நாளிலிருந்து இப்படியே. இன்று என்ன தைரியமோ, எழுந்து போய்க் கேட்டுவிட்டேன். “ஞாயித்துக்கிழமை என் ரூமுக்கு வரீங்களாக்கா? கன்னுக்குட்டி இல்லாத சீஸா பாத்து வாங்கி தோசை சுடறேன்.”

“அட, உனுக்குப் பேச்சு வருமா!” பிறகு, “வரேன். ஆனா பொழுது சாயறதுக்குள்ள. இருட்டினா வாயில ஒண்ணும் வெக்கமாட்டேன்.”

வந்தால், இந்த ஊரில் என்னைத் தேடி வரும் முதல் ஆள்.

வெங்காயம் சாப்பிடுவாரா? கேட்க வேண்டும்.

நவ. 12, புதன்

ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம். மளிகைக் கடைக்காரர்: “சீஸா? அதுல போய் வெஜ்ஜு நான்வெஜ்ஜு பாக்கிறியேம்மா. மாடு புல்லுதான துன்னுது?” அவரிடம் சீஸே இல்லை.

ஒரகடத்தில், கொரியாக்காரர்கள் வாங்கும் கடை. ஒரு பாக்கெட். எழுத்து ஒன்றும் புரியவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த இங்கிலீஷ் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது. வெஜ்ஜுக்கான பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய பாதியைத்தான் காணோம். “வெஜ்ஜுன்னு நெனச்சுதான் எல்லாரும் வாங்குறாங்க” என்றான் பில் போடுபவன். மறுத்துப் பேச வரவில்லை. வாங்கி வந்துவிட்டேன்.

நவ. 13, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

அறைத்தோழி இசக்கி, திருநெல்வேலிக்காரி. அவளுக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல். ஒருத்தி வரும்போது ஒருத்தி கிளம்புவோம். ஒரே அறையில் இருக்கிறோம் என்பது அவள் ஈரத் துண்டைப் பார்த்தால்தான் தெரியும். இன்று செருப்பு மாட்டிக்கொண்டே பாக்கெட்டைப் பார்த்தாள்.

“இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒன் பையில பச்சை ஸ்டிக்கர் சுருள் சுருளா கெடக்கே. ஒண்ணு ஒட்டிரு. ஆரு கண்டா?”

அவள் போனதும் சுருளை எடுத்து வைத்துப் பார்த்தேன். செக்கிங்கில் நல்ல போர்டுக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு. அதே அளவுப் புள்ளி. ஒன்றை உரித்தும்விட்டேன், விரல் நுனியில். சோதிக்காமல் ஒரு போர்டுக்குக்கூடப் பச்சை ஒட்டியதில்லை.

ஸ்டிக்கர் இப்போது கண்ணாடி ஓரத்தில்.

நவ. 14, வெள்ளி

ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூர். பஸ்ஸில் நின்றுகொண்டே. அம்மா போன்.

“சீஸுன்னா என்னா பாப்பா?”

“கெட்டித் தயிர் மாதிரிம்மா.”

“தயிருக்கா பஸ் ஏறிப் போற? சம்பளம் வாங்குற புள்ள, ஒரு கோழி வாங்கித் தின்னேன்.”

சரிம்மா என்றேன்.

சூப்பர் மார்க்கெட். குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகப் பின்பக்கம் படித்தேன். கடைசியில் ஒன்று. பச்சைச் சதுரம், உள்ளே பச்சைப் புள்ளி. திரிய வைக்கும் சரக்கு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். புது தோசைக்கல்லும் வாங்கினேன். பழையதில் இசக்கி ஆம்லெட் போடுகிறாள்.

நவ. 15, சனி

கொரியா பாக்கெட் காலி. இசக்கி வேலை. சோப்பு மாதிரி இருந்ததாம். முழுசாகத் தின்றிருக்கிறாள்.

நவ. 16, ஞாயிறு

கூட்டினேன், துடைத்தேன், மறுபடி கூட்டினேன். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. மதியம் அக்காவின் போன். திடீர் ஓவர்டைம், நாலு மணிக்கு விட்டுவிடுவார்களாம், நேரே வருவாராம். நாலரையிலிருந்து ஜன்னலில். மழை. வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. தெருவிளக்கு வந்தபோது அடுப்பை அணைத்தேன்.

அப்புறம்தான் கதவு தட்டும் சத்தம். அக்கா, தலை முழுக்க ஈரம். “ஒரகடம் கூட்டுரோடுல பஸ்ஸு நின்னுகினே கீது. எறங்கி ஆட்டோ பாத்தா அதுவும் இல்ல.” வானத்தைப் பார்த்தார். “பொழுது போயிடுச்சேடி.”

தண்ணீராவது என்றேன். அதுவும் வேண்டாம் என்றார்.

பாக்கெட்டைக் காட்டினேன். விளக்கடியில் பிடித்துப் பொடி எழுத்து முழுக்கப் படித்தார். பச்சைப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உரியவில்லை. “ஒட்டுனது இல்ல, அச்சுதான். நம்ம லைன் பொண்ணுங்கள நம்ப முடியாது” என்று சிரித்தார். நான் கண்ணாடி பக்கம் பார்க்கவில்லை.

“நீ இன்னும் சாப்புடலியா? சுட்டுக்கோ. நான் பக்கத்துல குந்திகினு இருக்கேன்.”

சுட்டேன். சாப்பிட்டேன். அக்கா சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு பக்கத்தில் ஒருவர் எனக்காக உட்கார்ந்திருக்க நான் சாப்பிட்டதில்லை. இன்னொரு தோசையும் சுட்டேன்.

கிளம்பும்போது, “மாவும் சீஸும் குடு. விடிஞ்சதும் நானே சுட்டுக்கறேன்.”

நவ. 17, திங்கள்

மழை விட்டிருக்கிறது. பஸ்ஸில் ஏறும்போது அக்காவிடமிருந்து மெசேஜ்:

“இழுத்தா வந்துகினே கீது, அறுக்கவே மாட்டேங்குது. புடிச்சுதா இல்லியான்னு தெர்ல. மத்தியானம் என் டேபிளுக்கு வா, சொல்றேன்.”